டோக்கியோ மணிக்குக் கடிக்கும் கொசு

கைய ஆட்டாதீங்க நல்லமுத்தண்ணே. ஆட்டுனா கொசுவெல்லாம் பயந்து பெட்டி மூலைக்குப் போயிரும், மறுபடி மொதல்லேர்ந்து எண்ணணும். பத்துக் கடி முழுசா வாங்குனாத்தான் இந்தாளுக்குக் காய்ச்சல் இல்ல, சயாமுக்கு ரயில் பாதை போடப் போகலாம்னு நான் சீட்டு எழுத முடியும். சிரிக்காதீங்கலா, சட்டம் நானா போட்டேன்? பெர்ரிக் கப்பல் பதினொரு மணிக்குத்தானே? அந்தா செவத்துக் கடிகாரத்தப் பாருங்க. ஒம்பதுதான் ஆவுது. இங்கேருந்து ஜெட்டித் துறைக்கு நடந்தா பத்து நிமிசம்.

கறுப்புத் துணியா? அது போட்டாத்தான் பெட்டிக்குள்ள ராத்திரின்னு நெனச்சுக் கடிக்கும். பயப்படாதீங்க, எல்லாம் முட்டையிலேர்ந்து நானே வளத்த புள்ளைங்க. காய்ச்சக்காரன் யாரையும் கடிச்சதில்ல. பாருங்க, அந்தக் குண்டு உக்காந்துருச்சு. ஒண்ணு.

நம்ம படிப்பு வீணாப் போவலண்ணே. சண்டைக்கு முன்னாடி சிங்கப்பூர் காலேஜ்ல ரெண்டு வருசம் கொசுவத்தான் ஆராய்ச்சி பண்ணேன். எங்க வாப்பா, மவன் டாக்டராவான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாரு. இந்த முகம்மது கனி கொசு புடிக்கிறான்னு கேட்டதும் ரெண்டு நாளு சோறு திங்கல. இப்ப பாருங்க, ஜப்பான்காரன் மேடை போட்டு, மாணவர் சாதனைன்னு எனக்குத்தான் மொதப் பரிசு குடுத்தான்!

அது பெரிய கூத்துண்ணே. காலேஜ் நோட்டுல நான் எழுதி வச்சது, பினாங்கு கொசு சாயங்காலம் ஏழு மணிக்குக் கடிக்கும். அப்புறம் இவங்க வந்து, டோக்கியோல என்ன மணியோ இங்கயும் அதே மணின்னு எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னாடி தள்ளச் சொன்னாங்கல்ல? எங்க ஆபீசர் தன்னோட கைக்கடிகாரத்த வச்சு எண்ணுனாரு. கொசு எட்டரைக்குக் கடிக்குது. மனுசன் துள்ளிக் குதிச்சுட்டாரு! வெள்ளக்காரன் காலத்துல ஏழுக்கே கடிச்ச கொசு, எங்க ஆட்சியில ஒன்றரை மணி நேரம் பொறுத்துக் கடிக்குது, கொசுவுக்கே ஒழுக்கம் வந்துருச்சுன்னாரு. நான் வாயத் தொறப்பனா? ஒரு மூட்டை அரிசி, ஒரு சர்ட்டிபிகேட். அதத் தலைகீழா மாட்டிட்டேன் போல, வர்ற ஜப்பான்காரனெல்லாம் கழுத்த வளைச்சுப் படிக்கிறான்.

ரெண்டாவது பரிசா? என்கூடப் படிச்ச ஏரம்பமூர்த்திக்கு. அஞ்சு காலு கொசு, புது இனம்னு காட்டுனான். ஆறாவது காலு என் புட்டிக்குள்ள கெடந்துச்சு, நான் சொல்லல. பாவம், ஒரு குளிக்கிற துண்டுதான் கெடச்சுச்சு.

அவசரப்படாதீங்கண்ணே, நாலுதான் ஆயிருக்கு. ஆமா, தெரியும், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இனாம், மூணு மாசத்துல திரும்பிரலாம். வீட்டுல புள்ளைங்க மரவள்ளிக் கெழங்கு தின்னு வயிறு ஊதிக் கெடக்குதுங்க. யாரு இல்லேன்னா? நீங்க பாட்டுக்கு உக்காருங்க. எங்க வேலையும் லேசில்ல. ஒரு கொசு செத்தா நாலு காகிதம் எழுதணும். எந்தப் பெட்டி, என்ன வயசு, எப்ப செத்துச்சு, ஏன் செத்துச்சு. ஏன்ங்குற எடத்துல நான் முதுமைன்னு எழுதுவேன். பதினெட்டு நாளுக் கொசுவுக்கு முதுமை! ஆபீசர் தொப்பியக் கழட்டிட்டுக் கையெழுத்துப் போடுவாரு.

எட்டு. ஒம்பது. ஐயோ, பறந்துருச்சு. ஒம்பதுதான்.

என்ன சத்தமா? பெர்ரி ஊதுது. ஆமாண்ணே, ஒங்க பெர்ரிதான். கடிகாரம் ஒம்பதரைதான் காட்டுது, சரிதான். அத நான் முன்னாடி தள்ளவே இல்ல, டோக்கியோ மணிக்கு இப்ப பதினொண்ணு. கொசுவுக்கு டோக்கியோ தெரியாதுல்ல, அதுக்குப் பழைய மணிதான் சரிப்பட்டு வரும்.

அடிங்க. அடிக்கணும்னா அடிங்க, ஆனா பெட்டியச் சாச்சுராதீங்க. போகாதீங்கன்னு சொன்னா கேட்டிருப்பீங்களா? போன வாரம் அஞ்சு பேர்கிட்ட கெஞ்சுனேன், கையத் தட்டிவிட்டுட்டுப் போனாங்க. சீட்டு நீங்க வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். கடும் காய்ச்சல், தொட்டா ஒட்டிக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு ஜப்பான்காரனும் ஒங்க வாசல் பக்கம் வரமாட்டான். பரிசு அரிசி கதவுக்குப் பின்னாடி இருக்கு, பிரிக்கல. தூக்கிட்டுப் போயி இன்னைக்குச் சோறாக்கச் சொல்லுங்க.

எனக்கென்னவா? எங்க மாமா ஷேக் அலாவுதீனும் இதே நாக்காலியிலதான் உக்காந்தாரு. போகலாம்னு நாந்தான் எழுதுனேன். அவரோட சேத்து நாப்பத்திரண்டு பேருக்கு எழுதுனேன். மாமா அங்க செத்தது, சயாம்லேர்ந்து தப்பிச்சு ஓடி வந்த நாகூர் மீரான் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு கொசுவுக்கு நாலு காகிதம் கேக்குறான்ணே. மாமாவுக்கு ஒண்ணுகூட வரல.