கொடுக்காத டப்பா

— குப்பையில கெடந்த குச்சியில ரெண்டு கோடு, குணா. ரெண்டு!

— மெதுவா பேசுங்க. ஷாமினி ரூம்ல இருக்கா.

— கேக்கட்டுமே! ஆத்தா லட்சணம் அவளுக்கும் தெரியட்டும். காலேஜ் போற பொண்ண வச்சுக்கிட்டு, வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கப் போறியே, வெக்கமா இல்ல?

— எனக்கு என்ன வெக்கம்?

— மூணு மாசத்துக்கு முன்னாடி நான் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அப்புறம் இது எங்கேருந்து வந்துச்சு? இந்த வேலுவ முட்டாளுன்னு நெனச்சியா?

— இத்தன நாளா நெனக்கல. இப்பத்தான் தெரியுது.

— டாக்டரு வெட்டிட்டாருலா! பேக்டரிய மூடியாச்சு!

— பேக்டரி எங்க மூடுச்சு? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருக்கும். வெட்டுனது பாதைய மட்டும். பாலத்த இந்தப் பக்கம் மறிச்சா, ஏற்கெனவே ஏறிப் போன காடியெல்லாம் அக்கரைக்குப் போகாதா? அதுக்குத்தான் மூணு மாசம் ஜாக்கிரதையா இருங்க, டெஸ்ட் பண்ணி விந்துல அணு ஒன்னும் இல்லன்னு தெரியாம நம்பாதீங்கன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நீங்க போன்ல பந்து மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தீங்க.

— கத விடாத. வயித்துல வாங்கிக்கிட்டு வந்தவளுக்கு இந்த வீட்ல எடமில்ல. துணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு!

— டெஸ்டுக்கு டப்பா குடுத்தாங்களே, அது எங்க?

— காடியில கெடக்கு.

— காலியாவா?

— பின்ன? கிளினிக் கவுண்டர்ல இப்ப புதுசா உக்காந்திருக்கிறது உன் சித்தி மக! அவ கையில போயி அத நீட்டவா? டத்தோ கிராமாட் ஊரு பூரா சிரிக்கும்.

— டப்பாவ நீட்ட வெக்கம். கட்டுனவ மேல பழி போட வெக்கமில்ல. தூ, நீங்கல்லாம் ஒரு ஆம்பள!

— ஏய்... அப்போ அது என்னுதாவும் இருக்கலாமா?

— என் வயித்துல இருந்தா உங்களுதுதான்.

— சரி விடு, குணா. கோவத்துல நாலு வார்த்த வந்துருச்சு. பொறந்தா பொறக்கட்டும்லா. வளத்துட்டுப் போவோம்.

— என் வயித்துல ஒன்னுமில்லைங்க.

— அப்போ அந்தக் குச்சி?

— காலையில என் மடியில படுத்து அழுதுக்கிட்டு ஒன்னே ஒன்னுதான் கேட்டா, அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாருன்னு. ஷாமினிக்குப் பதில் கெடச்சிருச்சு.