பின்சிக்கு ஒரு வருத்தம்

எனக்குச் சுலபத்தில் கோபம் வராது சார். சங்கனாச்சேரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். லண்டன் போகத் துடிக்கும் நர்ஸ்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவனுக்குக் கோபம் வந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

அவர்களுக்கு வைக்கும் இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில், நடந்து முடிந்ததை மாற்றிப் பேசத் தெரிய வேண்டும். இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்கிற மாதிரி. மனப்பாடம் செய்து ஒப்பித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் உதாரணம் சொந்த வாழ்க்கையிலிருந்துதான் வர வேண்டும் என்பது என் வகுப்பின் சட்டம். ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவள், தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டவள், எல்லோரும் பாஸானார்கள். பின்சி மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தாள்.

"வருத்தம்னு எனக்கு ஒண்ணுமில்ல சாரே. ஜோமோன் சேட்டன் என்னைப் பொன்னு மாதிரி பாத்துக்கிறாரு."

"யோசிச்சுப் பாரு மோளே. ஏதாவது இருக்கும்."

"கல்யாணத்துல மீன்கறி கொஞ்சம் பத்தல. அதச் சொல்லட்டுமா?"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. நல்ல பெண், ஒரு வருத்தம் இல்லாமல் வீணாகிறாளே.

புருஷன் ஜோமோன் தினமும் அவளை பைக்கில் கொண்டுவந்து விடுவான். எதிர்க்கடையில் சாயா குடித்துவிட்டுத் தனியாகத் திரும்புவான். தனியாகத்தான் போகிறான் என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டேன். பின்சிக்கு அடிபட்டால் படிப்பு கெடும் அல்லவா. பாலத்து வளைவில் லாரி எதிரே வந்தது, பைக் நிற்கவில்லை. உங்கள் ஸ்டேஷன் ஆட்களும் விபத்து என்றே எழுதினார்கள்.

ஜோமோனுக்கு நாற்பத்தோராம் நாள் ஜெபம் முடிந்து பின்சி வகுப்புக்கு வந்தாள். தான் அன்று வகுப்புக்கு லீவு போட்டிருந்தால் அவர் செத்திருக்க மாட்டார் என்று இங்கிலீஷில் சொன்னாள். ஒரு பிழை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில், என் சட்டப்படி நானும் ஓர் உதாரணம் சொன்னேன். அந்த பிரேக் வயரை நான் கழற்றாமல் இருந்திருந்தால் வளைவில் பைக் நின்றிருக்கும் என்று. ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு எங்கே வாயை மூடுவது என்று தெரியவில்லை. நர்ஸ்கள் வழக்கம்போல அர்த்தத்தைக் கவனிக்காமல், ராகம் போட்டுத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். பின்சி மட்டும் பையை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், கழற்றியது நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஆனால் சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. உங்கள் விசாரணையால் அது தவறிப்போனால், அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்த பாவம் உங்களைத்தான் சேரும் சார்.