மைக் என் கையில் இருந்தது

படம் ஓடும்போது முறுக்கு கடிப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. நீங்கள் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் உங்களிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

என் பெயர் திமோத்தி. கிள்ளானில் ஒரு சபையில் பல வருஷம் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். வெளியூர்ப் பிரசங்கியார் இங்கிலீஷில் ஒரு வரி சொல்வார், நான் அதைத் தமிழில் சொல்வேன். அவர் குரலை உயர்த்தினால் நானும் உயர்த்த வேண்டும். அவர் தேம்பினால் நானும் தேம்ப வேண்டும். சனங்கள் அழுவதெல்லாம் என் தமிழைக் கேட்டுத்தான். ஆராதனை முடிந்ததும் போய்க் கைகுலுக்குவது பிரசங்கியாரிடம். அதற்காக நான் மனவருத்தப்பட்டதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் திரைப்பட மன்றம் நடக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் படம் போடுவோம். மன்றத்துக்குத் தலைவர் நாகையா அண்ணன். பயமுறுத்துவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு பழைய வெள்ளைக்கார இயக்குநர் எடுத்தவற்றில், கட்டாயம் பார்த்தே தீர வேண்டிய படங்களை வரிசையாகப் போடலாம் என்று சொன்னது நான்தான். சாலாக் செலாத்தானிலிருந்தும் பண்டமாரானிலிருந்தும் வரும் ஆன்டிகளுக்கு அந்தக் காலத்து இங்கிலீஷ் பிடிபடாது. ஆகவே நான் திரைக்குப் பக்கத்தில் இருட்டில் மைக்கோடு நின்று எல்லாவற்றையும் தமிழில் பேசுவேன். கொலைகாரன், விதவை, போலீஸ், எல்லோருக்கும் என் குரல்தான். சாகிறவனுக்காக முனகுவதும் நான்தான்.

"திமோ, நீ முனகுனா எனக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுது லா" என்பார் உஷாராணி ஆன்டி.

அந்த இயக்குநரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பொறுமை. ஆபத்து வருவது நமக்குத் தெரியும், படத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. நாம் எழுந்து போகவும் முடியாது, அவனை எச்சரிக்கவும் முடியாது. இந்த அவஸ்தைக்காகத்தான் சனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

ஒருநாள் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது நாகையா அண்ணன் சொன்னார்: "திமோ, அடுத்த மாசத்துலேர்ந்து தமிழ்ல சப்டைட்டில் போட்டுடலாம். என் மருமக எல்லாத்தையும் செஞ்சு குடுத்துட்டா. பாவம், நீ எவ்ளோ நாளைக்குத்தான் நின்னுகிட்டே கத்துவ? இனிமே நீயும் உக்காந்து படம் பாரு லா."

நல்ல மனுஷர். என் தோளைத் தட்டித்தான் சொன்னார். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. கையிலிருந்த தேநீரைக் குடிக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அதே வாரம் மன்றத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தேன். பைகளையெல்லாம் வாசல் மேசையில் வைத்துவிட வேண்டும். முறுக்குப் பொட்டலங்களின் சரசரப்புத் தாங்கவில்லை என்றேன். யாரும் மறுக்கவில்லை. நாகையா அண்ணன்தான் முதல் ஆளாகத் தன் இடுப்புப் பையைக் கழற்றி வைத்தார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரேயை அவர் அந்தப் பையில்தான் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் நடக்கவில்லை. நான் அவசரப்படவில்லை.

பழைய முறையில் படம் போடும் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அவர் கீழே காரை நிறுத்தும்போது போன் செய்தேன். "அண்ணே, படம் போட்டாச்சு, ஓடி வாங்க" என்றேன். உண்மையில் படம் இன்னும் போடவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். மூச்சிரைக்க ஏறி வந்தார். வந்ததும் அவர் கை இடுப்புப் பையின் ஜிப்புக்குத்தான் போனது. "குடுங்கண்ணே, நான் வைக்கிறேன்" என்று நானே கழற்றி வாங்கிக்கொண்டு, விளக்கை அணைக்கச் சொன்னேன். முன்வரிசையில், எனக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தேன்.

அன்றைய படத்தில் ஒருவனுக்கு மனைவியே விஷம் வைத்துவிடுகிறாள். பக்கத்து அறையில் விருந்தாளிகள் பாடிக்கொண்டிருக்க, அவன் நாற்காலியில் கிடந்து துடிக்கிறான். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்புதான் கவனித்தேன். நாகையா அண்ணனின் கை நெஞ்சைப் பிடித்திருந்தது. முகமெல்லாம் வேர்வை. எழப் பார்த்தார், முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

அவர் முனகினார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நான் முனகிக் கேட்டுப் பழகியவர்கள், இதையும் என்னுடையது என்றே நினைத்தார்கள். தயவுசெய்து அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

"தண்ணி..." என்றார்.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "தண்ணி கேக்குறான் பாருங்க. பக்கத்துலயேதான் நிக்கிறா. காதுல விழாத மாதிரி நிக்கிறா."

படத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. ஆனால் ஹால் முழுக்க அப்படியே உறைந்துபோனது. யாரோ ஓர் ஆன்டி விசும்பினார். நாகையா அண்ணனின் அடுத்த முனகல் சன்னமாகத்தான் வந்தது. பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று மைக்கை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன்.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் அப்படி எழுந்து நின்றதில்லை. உஷாராணி ஆன்டி முன்வரிசையைப் பார்த்து அலறியிராவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் தட்டியிருப்பார்கள்.

ஆமாம், நான்தான் அவரைச் சாகவிட்டேன். அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அந்தக் கைதட்டலில் பாதி நாகையா அண்ணனுக்குச் சேர வேண்டியது. அன்றைக்கே எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லத்தான் இருந்தேன். நான் பொறாமைக்காரன் இல்லை.