கண் திறந்ததும் பார்த்தது

மாமல்லபுரத்தில் கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலைமுடியெல்லாம் கல்தூள். அவள் கழுத்தில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியின் அட்டை. பேச்சுவாக்கில் அண்ணன் சட்டென்று, "அய்யய்யோ, அம்மனுக்குக் கண்ணத் தொறந்துட்டீங்களா?" என்றார். நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தேன்.

"நாங்க பண்ற கேம்ல வர்ற மாய ராஜ்யமே நம்ம ஊரு மாதிரிதான்ணா," என்றாள் தங்கை. " கடலு, கல்கோயிலு எல்லாம் கீது. நீ செதுக்கிகினு இருந்த அம்மனை போட்டோ புடிச்சிக்கினு போய் கோட்டை வாசல்ல காவலுக்கு வச்சோம்."

"நான் கேட்டது கண்ணு."

"ஆளு கிட்ட வந்தா தொறக்கும்."

"என் சிலைக்கே நாளைக்குத்தான் கோவளம் கோயில்ல கண்ணு தொறக்கணும். தொறந்ததும் மொதல்ல கண்ணாடி காட்டுவோம், மாடும் கன்னும் காட்டுவோம். நீங்க இன்னா காட்னீங்க?"

அவள் குரல் இறங்கிவிட்டது. "வெட்ட வர்றவனை."

"எத்தினி பேரு வெட்டுவான்?"

"ஆடுற எல்லாரும். வெட்டினாத்தான் உள்ள போக முடியும்."

"அழிச்சிடு, செல்வி."

"போன வாரமே வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்கண்ணா."

கோவளம் வந்தது. கண்டக்டர் இரண்டு முறை கத்தியும் அவர் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு அவ கண்ணு தொறக்கறப்போ எதிர்ல நிக்கப்போறவன் நான்," என்றார். "என் கையில உளி இருக்கும்."