எழுபத்திரண்டாவது மணி நேரம்

— எழுபத்தோரு மணி நேரந்தான் ஆவுது தம்பி. இன்னும் ஒரு மணி நேரம் கீது. அதுக்குள்ள இன்னா அவசரம்?

— போதும்க்கா. மோதிரத்த வாங்கிக்கிட்டு என் வாட்ச்ச குடுங்க. அதெப்படி எழுபத்தோரு மணின்னு அவ்ளோ கரெக்டா சொல்றீங்க?

— உங்க வாட்ச்சு என் டிராயர்லதான கீது. சனிக்கெழம பதினோரு மணிக்கு இத ஈடா கழட்டி வச்சிட்டு நீலக்கல்லு மோதிரத்த வாங்கினு போனீங்க. இன்னிக்கு செவ்வா. இதுல பத்து காட்டுது. நீலம்னா மூணு நாளு முழுசா வச்சிப் பாக்கணும். ஒத்துக்குதா, ஒத்துக்கலியான்னு அப்பதான் தெரியும். போயிட்டு பதினோரு மணிக்கு வாங்க.

— பதினோரு மணிக்கு நான் வேலூர் ரோட்டுல இருப்பேன். அப்பாவுக்கு நாளைக்குக் காலையில ஹார்ட் ஆபரேஷன். இன்னிக்கே அட்மிட் பண்ணணும். அதோ, எதிர்ல வெள்ளக் காரு நிக்குது பாருங்க. அதுலதான் உக்காந்திருக்காரு.

— ஐயே! வெயில்ல உக்கார வச்சிட்டா இங்க பேசினு நிக்கறீங்க? உள்ள கூட்டினு வாங்க, ஒரு வாய் டீ குடிக்கட்டும்.

— அவரா? இந்தக் கடைக்குள்ளயா? ராசிக்கல்லுன்னு போர்டு பாத்தாலே முகத்தத் திருப்பிக்குவாருக்கா. பௌர்ணமிக்கு ஊரே மலையச் சுத்தும். எங்கப்பா எதிர்த்தாப்ல வாக்கிங் போவாரு. முப்பது வருஷமா.

— அட, அவரா! கருப்புச் சட்ட போட்டுக்கினு, செங்கம் ரோட்டுல கும்பல இடிச்சிக்கினு எதுர்ல வருவாரே! அவரு புள்ளயா நீங்க?

— இடிக்க மாட்டாரு. ஓரமாத்தான் வருவாரு.

— சனிக்கெழம இளஞ்செழியன்னு பேர் சொன்னப்பவே நெனச்சேன். இந்த மாரி பேர வச்சினு எவனும் எங்கிட்ட நீலம் கேட்டதில்லியேன்னு. நட்சத்திரம் இன்னான்னு கேட்டா, ஏதோ ஒண்ணு போட்டுக்கங்கன்னீங்க.

— எனக்குத் தெரியாதுக்கா. எங்க வீட்ல யாருக்கும் ஜாதகமே இல்ல. வாட்ச்.

— தரேன். காரணம் சொல்லுங்க.

— என்ன காரணம்?

— கல்லு ஏன் திரும்பி வருதுன்னு. அத சொல்லாம நான் வாங்க மாட்டேன். அடுத்து கேக்கறவங்களுக்கு நான் சொல்லணும்ல? இதுக்கு முன்னாடி நாலு பேரு எடுத்தினு போயி திருப்பிக் குடுத்துட்டாங்க. லாரி வச்சினு கீறவரு ஒருத்தரு மறுநாளே ஓடியாந்தாரு, ரெண்டு டயரு வெடிச்சிடிச்சின்னு. ஆசிரமத்தாண்ட ரூம் எடுத்திருந்த வெள்ளக்கார அம்மா, நல்லா தூக்கம் வந்து பிளேன விட்டுட்டேன்னு சொல்லிச்சி. போளூர் டீச்சரு, ஒண்ணுமே நடக்கலன்னு கோச்சிக்கினாங்க.

— நாலாவது?

— அவரு மாமியாரு வந்து ஒரு மாசம் தங்கிட்டாங்களாம்.

— இதெல்லாம் சொன்னா யாருக்கா வாங்குவாங்க?

— புதுக் கல்லுன்னா மினுமினுப்ப காட்டி வித்துடலாம். பழசுக்கு அது வந்த வழிதான் வெல. நூறு வருசத்து மோதிரம் தம்பி இது. லென்சுல பாருங்க. கல்லுல வெட்டின பட்டைங்க ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. கையால தீட்டினது. மிஷின்ல வெட்டினா எல்லாம் ஒரே மாரி முழிக்கும். இந்தப் பக்கம் தங்கம் தேஞ்சிருக்கு பாத்தீங்களா?

— ஆமா. ஒரு பக்கம் மட்டும்.

— மொத மொதல்ல போட்டிருந்த ஆளு பக்கத்து வெரல்லயும் ஒரு மோதிரம் போட்டிருந்தாரு. ரெண்டும் வருசக் கணக்கா ஒரசி ஒரசி தேஞ்சிருக்கு. அந்த ஆளு பேரு எனக்குத் தெரியாது. ஆனா அவரு நடுவெரலு தெரியும். போட்டவங்க எல்லாரும் எதுனா ஒண்ண இதுல வுட்டுட்டுத்தான் போவாங்க. நீங்க இன்னா வுட்டீங்க?

— ஒண்ணும் இல்லக்கா. மூணு நாளு போட்டிருந்தேன். நல்லதும் நடக்கல, கெட்டதும் நடக்கல. போதுமா?

— நீங்களா போட்டிருந்தீங்க?

— நான்தான்.

— எங்க, இப்ப ஒருக்கா போட்டுக் காட்டுங்க.

— எதுக்குக்கா? கார்ல வெயிட் பண்றாங்க.

— போடுங்க தம்பி.

— ...போக மாட்டேங்குது.

— எப்டி போவும்? அடியில நூலு சுத்தியிருக்குது. பொட்டலத்தப் பிரிச்சப்பவே பாத்துட்டேன். சனிக்கெழம நான் குடுக்கும்போது நூலு இல்ல. உங்க வெரலுக்கே சரியாத்தான் இருந்துச்சி. இது யாரோ ஒல்லி வெரலுக்காரவங்க, லொடலொடன்னு சுத்தாம இருக்க நூலு போட்டு இறுக்கியிருக்காங்க. வூட்டுக்காரம்மாவா?

— எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல.

— அப்ப அம்மாவா?

— அம்மாவுக்கு சுண்டு விரல்லகூட ஏறாது. நான் இந்த நூலப் பாக்கலக்கா. பேப்பர்ல மடிச்சிக் குடுத்தாங்க, அப்டியே எடுத்துட்டு வந்துட்டேன்.

— பொய் சொல்லி கல்ல திருப்பிக் குடுக்கறது நல்லதில்ல. அதுவும் நாளைக்கு ஆபரேஷன வச்சிக்கினு.

— அந்த மாதிரி பேசாதீங்கக்கா. எனக்கு இதுல நம்பிக்க இல்ல.

— இல்லன்னா ஏன் மூஞ்சி இப்டி வெளுக்குது? சரி, சொல்லல. நீங்க சொல்லுங்க.

— அம்மாதான் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. டாக்டர் அம்பது அம்பதுன்னு சொன்னதுலேருந்து அவங்க தூங்கல. அப்பாவுக்கு சனி சரியில்லன்னு யாரோ அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. அவரு சாமி கும்பிட விடமாட்டாரு, விபூதிகூட வைக்க முடியாது. ஒரு கல்லாவது தலமாட்டுல இருக்கட்டும்டான்னு அழுதாங்க. தலகாணி உறைக்குள்ள வச்சோம். அவருக்குத் தெரியாம.

— அப்டி சொல்லுங்க. அவரு கண்டுபுடிச்சிட்டாரா?

— சனிக்கெழம ராத்திரியே.

— தூக்கிப் போட்டாரா?

— இல்ல.

— திட்டினாரா? அம்மாவ எதுனா சொல்லிட்டாரா?

— அதுக்குத்தான் காத்துட்டிருந்தோம். அம்மா விடிய விடிய பயந்துட்டு உக்காந்திருந்தாங்க. எங்கப்பா திட்டினா தெருவுக்கே கேக்கும். ஒரு தடவ அம்மா கயிறு மந்திரிச்சு எங்கையில கட்டினதுக்கு, கத்திரிக்கோல எடுத்து ஹால்ல வச்சி வெட்டினாரு. எனக்கு எட்டு வயசு.

— இப்ப?

— ஞாயித்துக்கெழம காலையில வந்து காபி கேட்டாரு. வலது கைய நீட்டி டம்ளர வாங்கினாரு. அம்மா பாத்தாங்க. நானும் பாத்தேன். விரல்ல நீலம்.

— தம்பி, இந்த நூலு கருப்பு நூலு.

— ஆமாக்கா. அம்மா தையல் டப்பாவுல இருக்கும். அவரு சட்டைக்கு பட்டன் தைக்கற நூலு.

— அவரே சுத்தினாரா?

— அவரேதான் சுத்தியிருக்கணும். ரெண்டு மாசத்துல ரொம்ப இளச்சிட்டாரு. விரலெல்லாம் குச்சி மாதிரி ஆயிடுச்சி. வேற யார்கிட்ட கேப்பாரு?

— அடக் கடவுளே.

— இத அடுத்தவங்ககிட்ட சொல்லுவீங்களா?

— சொல்ல மாட்டேன். லாரிக்காரர சொல்லுவேன், உங்கள சொல்ல மாட்டேன். இந்தாங்க வாட்ச்சு.

— தாங்க்ஸ்க்கா.

— இருங்க. மோதிரத்தயும் எடுத்துக்கங்க. நல்லபடியா வூட்டுக்கு வந்தப்புறம் திருப்பிக் குடுங்க. ஒண்ணும் தரத் தேவயில்ல.

— வேணாம்க்கா.

— ஆபரேஷன் ரூமுக்குள்ள போட வுட மாட்டாங்கன்னா, அம்மா கையில இருக்கட்டும்.

— அதுக்கில்ல. ஞாயித்துக்கெழமலேருந்து இன்னிக்குக் காலையில வரைக்கும் கழட்டவே இல்ல. ஒம்பதரைக்கு அவராத்தான் கழட்டி, பேப்பர்ல மடிச்சி, கொண்டுபோய்க் குடுத்துட்டு வான்னாரு.

— அப்ப எதுனா கெட்ட கனவு கண்டிருப்பாரு. நீலம் ஒத்துக்கலன்னா கனவுதான் மொதல்ல வரும்.

— நல்லாத் தூங்கினாருக்கா. மூணு ராத்திரியும். மாத்திர இல்லாம.

— நல்லாத் தூங்கினாரா? அப்ப ஒத்துக்கினு கீதுப்பா! அத போயி கழட்டுவாங்களா? பாருங்க, அங்க உக்காந்துக்கினு அந்த வெரலத்தான் தடவினு கீறாரு. இன்னும் ஒரே ஒரு மணி நேரம் இருந்தா முழுசா முடிஞ்சிருக்கும். யாரு அவர அவசரப்படுத்தினது?

— யாரும் இல்ல. எப்ப வாங்கின, எத்தன மணிக்கு வாங்கினன்னு என்ன ரெண்டு தடவ கேட்டுக்கிட்டாரு. "எழுபத்திரண்டு மணி நேரம் முழுசா ஆயிட்டா நான் நம்பினதா ஆயிடும்டா. ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும்போதே திருப்பிக் குடுத்துடு"ன்னாருக்கா.