நீலாவதி அம்மையாரின் ஸ்கோப் ஏன் இங்கே இல்லை

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! படவேட்டிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் மகள் பிரியதர்ஷினி அவர்களே! மூக்குக்கண்ணாடிக் கடை அருணகிரியின் கலங்கிய வணக்கம்.

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். "படத்துக்கு மாலை போட்டீங்களே, அவங்க ஸ்கோப்ப ஏன் பக்கத்துல வெக்கல? கடைக்காரர் எடுத்துக்கினாரா?" என்று வாசலிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். யாரென்று தெரியும், பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்தேன். என் கைபேசியை மைக் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அது அடித்தால் பாதிப் பேச்சிலும் எடுப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீலாவதி அம்மையார் யார்? மலை மக்களுக்குப் பிரசவம் பார்த்த செவிலியர்! நம் பறவை நோக்கர் குழுவின் தலைவர்! ஓய்வுபெற்ற கையோடு என் கடைக்கு வந்து, "ஒரு ஸ்கோப் வாங்கணும் அருணகிரி" என்றார். ஸ்கோப் என்றால் ஸ்டாண்டில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. நான் வியாபாரி. இருப்பதிலேயே பெரிதாகக் காட்டுவதை எடுங்கள் என்றேன். விட்டாரா? சென்னைக்கு பஸ் ஏறிப் போய், ஒவ்வொன்றிலும் கண்ணை வைத்துப் பார்த்து, "ரொம்பப் பெருசாக் காட்டுனா வெயில்ல கலங்குது, இருட்டாவும் இருக்குது" என்று அளவான ஒன்றை வாங்கி வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவரும் பார்க்க வேண்டும். குட்டையானவரும் நெட்டையானவரும் ஸ்டாண்டை ஏற்றி இறக்காமல் பார்க்க வேண்டும். அதற்காகவே கண் வைக்கும் பக்கம் சாய்ந்திருப்பதாக எடுத்தார். தனக்கு வாங்கும்போதே ஊரார் கண்ணையும் நினைத்தவர் அவர்!

முதல் நாளே அது வம்பை இழுத்துவந்தது. ஜவ்வாது மலையில் ஒரு சாமைக் கொல்லை ஓரம் ஸ்டாண்டை விரித்தோம். அம்மையார் குனிந்து நிற்கிறார், குழாயோ எதிர்ப் பாறையைப் பார்க்கிறது. மலையில் மூன்று கால் ஸ்டாண்டைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? நிலம் அளக்க ஆள் வந்துவிட்டது என்றுதான்! கொஞ்ச நேரத்தில் ஊரே சூழ்ந்துகொண்டது. சிலர் கையில் அரிவாள். கொல்லைக்குச் சொந்தக்காரி பாஞ்சாலை ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா அளக்குற? எங்க பூமிய எவனுக்கு எழுதிக் குடுக்கப் போற?"

நான் ஓரடி பின்னால் போய்விட்டேன். அம்மையார் நகர்ந்தாரா? இல்லை! "அளக்குறனா இல்லியான்னு நீயே பாரும்மா" என்று விலகி இடம் கொடுத்தார். பாஞ்சாலை குனிந்தவள் நிமிரவே இல்லை. கடைசியில், "ராஜாளிக் கூடுய்யா! குஞ்சு இருக்குது! எங்க வூட்டுக் கோழியெல்லாம் இங்கதான் வருதா?" என்று கத்தினாள். கூட்டம் சிரித்துவிட்டது. காற்றில் ஸ்டாண்ட் ஆடியதும் தன் புளி மூட்டையை அதன் கொக்கியில் மாட்டி அசையாமல் நிறுத்தியவளும் அவள்தான். அன்றிலிருந்து ஸ்கோப் அவள் வீட்டில்தான் இருக்கிறது.

அது பழைய கதை. இந்த ஆண்டும் அதே கூட்டில் குஞ்சு. ஆனால் சாலையை அகலப்படுத்த அந்தப் பாறைக்கு வெடி வைக்க வந்துவிட்டார்கள். சாலை வேண்டாம் என்றா சொன்னார் அம்மையார்? வலியெடுத்த பெண்களை டோலி கட்டி இறக்கியதைக் கண்ணால் கண்டவர் அப்படிச் சொல்வாரா? "ரோடு வரட்டும். குஞ்சு பறந்த பின்னாடி வரட்டும்" என்றார். போராடி ஒப்பந்தக்காரரிடம் ஒரு வாக்கு வாங்கினார். தினமும் காலையில் இரு தரப்பும் ஸ்கோப்பில் பார்க்க வேண்டும். குஞ்சு கண்ணில் பட்டால் அன்று வெடி இல்லை, படாவிட்டால் அன்றே வெடி. கிட்டப் போய்ப் பார்க்கவும் வழியில்லை, போனால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும்.

இந்த நேரத்திலா வர வேண்டும் அந்த மாரடைப்பு!

நாம் இங்கே பாடை கட்டிக்கொண்டிருந்த காலையில், அங்கே பாறையில் துளை போட்டுவிட்டார்கள். "பாக்குறவங்களே போய்ட்டாங்களே, இனிமே யாரு?" என்றார் அவர்களுடைய மேற்பார்வையாளர். பாஞ்சாலை ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். "அக்கா போச்சு. எங் கண்ணு இருக்குது இல்ல?" என்றாள். கூட்டில் அசைவே இல்லை. வெயில் ஏறுகிறது, துளையில் வெடிமருந்து கெட்டிக்க ஆள் தயாராக நிற்கிறான். இரையோடு தாய் வந்து இறங்கிய பிறகுதான் குஞ்சு தலை தூக்கியது! மேற்பார்வையாளரும் பார்த்தார், ஆட்களைத் திருப்பி அனுப்பினார். அக்கா என்று அழைத்த அம்மையாரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க பாஞ்சாலை இறங்கி வரவில்லை. வந்திருந்தால் அந்தக் குஞ்சு இல்லை.

ஸ்கோப் எங்கே என்று கேட்டீர்களே! இந்த நிமிடம் அவள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அவள் கணவர் கோபால்சாமி, டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி எனக்குத் தகவல் சொல்வார். தினமும் இதற்குள் சொல்லியிருப்பார். இன்று இன்னும் அழைக்கவில்லை. நான் எதற்காக நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தீர்கள்?

பொறுங்கள். அடிக்கிறது. சொல்லு கோபால்சாமி, சபையே கேட்கிறது.

"சார், குஞ்சு இருக்குதுங்க! கூட்டு ஓரத்துல நின்னு ரெக்கைய அடிச்சி அடிச்சிப் பாக்குது, இன்னும் கெளம்பல. வெடி ஆளுங்க போய்ட்டாங்க. ஆனா சார், நாளைலருந்து நாங்க புளி உலுக்கப் போவணும். நாளைக்கு யாரு வர்றீங்கன்னு பாஞ்சாலை கேக்குது."

கேட்டீர்களா? அம்மையார் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சூளுரைத்துத்தான் இப்படிப்பட்ட கூட்டங்களை முடிப்போம். இன்றைக்கு அது போதாது. எல்லாரும் எழுந்து நிற்கவும் வேண்டாம். நாளைக் காலை மலைக்கு வருகிறவர் மட்டும் எழுந்திருங்கள்.

பிரியதர்ஷினி, நீ உட்காரும்மா. அம்மாவுக்குச் செய்ய வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

உட்கார மாட்டாயா?

சரி. விடியும்போது வேன் என் கடை வாசலில் நிற்கும்.