தகடு மட்டும் பாக்கி

முதலில் இந்த நாற்காலிக்கு நன்றி. போன முறை வந்தபோது ஸ்டூல்தான் போட்டீர்கள். இருபது வருடம் பழைய கார்களுக்குள் குனிந்து எண் படித்தவனுக்கு இடுப்பு வலியைத் தவிர வேறென்ன மிஞ்சும்.

நீங்கள் மூவரும் பழைய கார் சங்கத்தின் விசாரணைக் குழு. நான் சங்கத்துக்கு எண் படித்துச் சொல்பவன். வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், எழுதிக்கொள்கிறவருக்காகச் சொல்கிறேன். இஞ்சின் இருக்கும் பகுதியில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு அடித்திருப்பார்கள். அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் வந்துவிடும். அதைப் பார்த்து, இந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போது என்ன நிறம், என்ன இருக்கை என்று நான் சொல்வேன். நான் சொன்னபடி இல்லாத வண்டிக்குக் கண்காட்சியில் ‘அசல்’ கோப்பை கிடையாது. அந்த விதியை நான் போடவில்லை. நீங்கள் போட்டீர்கள்.

என் மைத்துனன் பல் மருத்துவன். மனைவிக்குத் தம்பி. தங்கமான பிள்ளை. பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவன், தன் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கமாட்டான்.

மாமனாரிடம் ஒரு நீல நிறக் கார் இருந்தது. பத்தொன்பது வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அதன் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தவன் நான். “எனக்கப்புறம் இது உங்களுக்குத்தான் மாப்ள” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். அவர் போன பிறகு உயிலைப் பிரித்தோம். கார் மகனுக்கு. எனக்கு, துடைக்கும் பிரஷ். நான் கோபப்படவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

மறு வாரம் மைத்துனனே காரை ஓட்டி வந்தான். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைத் தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, “நீங்களே பாத்துச் சொல்லுங்க அத்தான். கோப்பை வாங்குனா அப்பா சந்தோஷப்படுவாரு” என்றான்.

டி 4 கே 2218. நான் நெடுநேரம் பார்த்தேன். ‘கே’ என்றால் ரேடியோ இல்லாத வண்டி என்றேன். அதில் அருமையான ரேடியோ ஒன்று இருந்தது. அவனே கழற்றி என் வேனில் வைத்தான். தன் கண்ணில் படாமல் எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டான். பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஸ்டியரிங். அதற்கடுத்த மாதம் முன்விளக்குகள். எல்லாப் பல்லையும் ஒரே நாளில் பிடுங்கக்கூடாது என்பது அவன் தொழிலிலேயே உள்ள விதி, ஆகவே நானும் அவசரப்படவில்லை. ‘டி’ என்றால் பின் இருக்கை கிடையாது என்று சொன்ன நாளில் மட்டும் சற்றுச் சங்கடமாகிவிட்டது. அக்காவும் தம்பியும் சின்ன வயதில் தூங்கி வழிந்த இருக்கை அது. என் மனைவி வாசலில் நின்று, “அப்பா வண்டில இனிமே அப்பா எங்க இருக்காரு?” என்று கேட்டு அழுதாள். பதில் எனக்குத் தெரியும். வேனின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. இரட்டைப்படை எண்ணில் முடியும் வண்டிகளுக்குக் கதவு கிடையாது என்றேன். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். பதினெட்டில் முடிந்தால் இஞ்சின் சிறியது என்றேன். பெரியதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தின் இஞ்சினைப் பொருத்திக்கொண்டான். நடந்து போகிறவர்கள் அவனை முந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்து நலம் விசாரித்தார்கள். வெளித்தகடுகளும் போய், புதிதாய் அடித்த தகரத்துக்கு வெந்த கத்திரிக்காய் நிறம் பூசினான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனால் போன மாதக் கண்காட்சியில் நீங்கள் மூவரும் எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று நான் எழுதிய அகராதியைப் புரட்டிப் பார்த்து, அந்தக் கட்டெறும்புக்குத்தான் கோப்பை கொடுத்தீர்கள். அகராதிக்கு முன்னுரை எழுதியவர் தலைவர் என்பதை நினைவுபடுத்துகிறேன்.

அங்கேதான் அந்த அம்மா வந்தார். அந்தத் தொழிற்சாலையில் தகட்டில் எண் குத்தியவர். மைத்துனனின் தகட்டைத் தடவிப் பார்த்து, “இது நான் குத்துனது. எனக்கு இடது கை, எட்டு எப்பவும் சாய்ஞ்சிடும்” என்றார். எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்டீர்கள். “என்ன அர்த்தம்? ரெண்டாயிரத்து இருநூத்துப் பதினெட்டாவது வண்டி. எழுத்துங்க ஷிஃப்டுக்கு. கலரா? அன்னிக்கு எந்த டின் திறந்திருக்கோ அது.”

அவர் சொன்னது உண்மை. எனக்கு எண் படிக்கத் தெரியாது. இருபது வருடத்துக்கு முன் ஒருவர் கேட்டார், தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, பச்சை என்றேன். பூசிக்கொண்டு வந்து கும்பிட்டார். அதன் பிறகு அறுபத்தொரு வண்டிகள். தலைவரின் வண்டிக்கு வைப்பர் உள்பக்கமாக இருப்பதற்கும் நான்தான் காரணம். வருந்துகிறேன்.

ஆனால் திருடன் என்று எழுதாதீர்கள். நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, ஏற்றி, நன்றி சொன்னவன் அவன். நான் அவற்றைத் தூக்கிப் போட்டது என் பின்கட்டுக் கொட்டகையில். சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், மட்டும் வேறிடத்தில் வாங்கினேன். மற்றபடி ரேடியோ, கதவு, இஞ்சின், பின் இருக்கை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்புரேட்டரைத் துடைக்கிறேன், அந்த பிரஷ்ஷால்தான். மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன், வேறொன்றும் செய்யவில்லை.

அந்த அம்மா பேசிய பிறகும் மைத்துனன் என்னை விடவில்லை. “அவங்களுக்கு வயசாயிடுச்சு அத்தான், மனசுல வச்சுக்காதீங்க” என்று தேற்றினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியில்தான், எட்டு சாய்ந்திருப்பதால் தகடே அசல் இல்லை என்று அவனிடம் சொன்னேன். நாளை மாலை கழற்றிக் கொண்டுவருகிறான். தகடு எந்த வண்டியில் இருக்கிறதோ அதுவே அந்த வண்டி என்பது உங்கள் ஒன்பதாவது விதி.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவனுக்கு நாளை மறுநாள் படித்துக் காட்டுங்கள்.